சனிக்கிழமை காலை ஒன்பது நாற்பது

நம் கம்ப்யூட்டர் மெக்கானிக் சங்கத்து மலருக்கு ஏதாவது எழுதச் சொல்லி செயலாளர் மூன்று முறை போன் செய்துவிட்டார். காரணம் தெரிந்ததுதான். இன்னொரு விண்டோஸுக்கும் ஆதரவை நிறுத்திவிட்டார்களாம். ஊரில் இருக்கிற பழைய அசெம்பிள் மெஷின்களையெல்லாம் இடுப்பில் குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்கிக்கொண்டு கடை கடையாக அலைகிறார்களாம். “அண்ணே, நீங்க விண்டோஸ் எக்ஸ்பிய கம்பெனிக்காரன் கைவிட்டதுக்கப்புறமும் அம்புட்டு வருசம் ஓட்டுன ஆளு. சின்னப் பசங்களுக்கு ரெண்டு டிப்ஸ் எழுதுங்க” என்றார். டிப்ஸ் எல்லாம் போனில் தேடினால் கொட்டிக் கிடக்கிறது. நான் எழுதப் போவது நான் செய்த ஒரு தப்பைப் பற்றி. இதை மலரில் போடுவார்களா என்பது எனக்குச் சந்தேகம்தான்.

சந்தேகம் எனக்கு மூச்சு விடுவது மாதிரி. கோயிலுக்குப் போனால் ஒரு செருப்பைக் கிழக்கே விட்டுவிட்டு இன்னொன்றை மேற்கே விடுகிற ஆள் நான். “உங்களுக்குப் பொண்ணு குடுத்தப்ப எங்கப்பா ஜாதகம் கேட்டாரு, நீங்க ரேஷன் கார்டு கேட்டீங்க” என்று என் வீட்டுக்காரி இன்றும் சொல்லிச் சிரிப்பாள். கேட்டேன், இல்லை என்று சொல்லவில்லை.

ஐடிஐயில் எலக்ட்ரானிக்ஸ் படித்தது, டிவி கடையில் ஈயம் வைத்துக் கையைச் சுட்டுக்கொண்டது, பிறகு கம்ப்யூட்டர் வந்ததும் அந்தப் பக்கம் தாவியது, இதெல்லாம் எல்லார் கதையும்தான். என்னை ஆளாக்கியது டவுன்ஹால் ரோடு பக்கம் ஒரு மாடியில் இருந்த சர்வீஸ் கம்பெனி. அங்கே சர்வீஸ் மேனேஜர் பிரேமலதா மேடம். என்னைவிட ஏழு வயது இளையவர். குரலை உயர்த்தி நான் கேட்டதே இல்லை. அதனாலேயே எங்களுக்கெல்லாம் அவரைக் கண்டால் பயம்.

மேடத்துக்கு ஒரு பழக்கம் உண்டு. எந்தக் கேள்வியையும் இரண்டு முறை கேட்பார். இரண்டாவது முறை ஒரே ஒரு சொல்லை மாற்றிக் கேட்பார். ஒருநாள் திருப்பரங்குன்றத்திலிருந்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் தன் மெஷினைக் கொண்டுவந்து மேஜை மேல் வைத்தார். நான் போன மாதம் சரிசெய்து கொடுத்த மெஷின் அது. “உங்க ஆளு என் மெமரி ராமைக் கழட்டிட்டு சின்னதைப் போட்டுட்டான்” என்று என்னைக் காட்டினார். திருட்டுப் பட்டம் கட்டினால் இந்தத் தொழிலில் அப்புறம் எவனும் வீட்டுக்குள் விடமாட்டான்.

மேடம் அவருக்கு நாற்காலி போட்டார். “எங்களுக்கு அப்புறம் மெக்கானிக் யாரும் திறந்தாங்களா சார்?” என்றார். இல்லவே இல்லை என்றார் அவர். தண்ணீர் கொடுத்துவிட்டு, “எங்களுக்கு அப்புறம் வீட்டுல யாரும் திறந்தாங்களா சார்?” என்றார். மாப்பிள்ளை வந்திருந்தபோது திறந்ததை அவர் ஒப்புக்கொண்டார். மேடம் கேபினெட்டைக் கழற்றினார். எங்கள் கையில் வருகிற ஒவ்வொரு பாகத்திலும் பச்சை மார்க்கரால் ஒரு கோடும் தேதியும் போட வேண்டும் என்பது அவர் சட்டம். அங்கே இருந்த ராமில் கோடு இல்லை; எங்கள் கைக்குப் பிறகு வந்தது அது. பெரியவர் மெஷினை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நான் கையைக் கூப்பினேன். “என்னை நம்புனதுக்கு நன்றி மேடம்.”

“உங்களையும் நான் நம்பல சண்முகம். கோட்டைத்தான் நம்புனேன்” என்றார். சொல்லிவிட்டு மார்க்கரை மூடி பையில் வைத்துக்கொண்டார்.

அன்றைக்கே அவருக்கு அடிமையாகிவிட்டேன். அவர் சொல்லிக்கொடுத்த இன்னொரு முறையும் உண்டு. வாடிக்கையாளரின் கோப்புகளில் ஏதாவது தகராறு என்றால் அவருடைய மெஷினை ஓடவிட்டுப் பார்க்கக் கூடாது. ஓடவிட்டாலே நூறு கோப்புகள் மாறிவிடும், அப்புறம் நாம்தான் மாற்றினோம் என்பார்கள். ஹார்டுடிஸ்கைக் கழற்றி, கோடு போட்டு, நம் மெஷினில் இரண்டாவது டிஸ்காக மாட்டி, முதலில் முழுதாக நகல் எடுத்து, அந்த நகலைத்தான் பார்க்க வேண்டும். பார்த்ததை மட்டும் எழுத வேண்டும். இந்த முறையை நான் கம்பெனி மூடி, ஒத்தக்கடையில் வீட்டோடு சொந்தமாகத் தொழில் செய்த காலம்வரை ஒருநாள்கூட மீறியதில்லை. அதுதான் என் பெருமை. என் தப்பும் அதிலிருந்துதான் வந்தது.

பந்தடிப் பக்கம் பத்மாவதி என்றொரு அம்மா சேலை டிசைன் போட்டுத் தருவார். சௌராஷ்டிரக் குடும்பம். பார்டர், முந்தி, புட்டா எல்லாம் கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாக வரைந்து பிரிண்ட் எடுப்பார். அதைப் பார்த்துத் தறிக்கான அட்டையில் ஓட்டை குத்த வேண்டும். அந்த வேலைக்குத் தினகரன் என்று ஒருவர் இருந்தார். திருவாதவூர்க்காரர், நாற்பது வயதிருக்கும். தினமும் பஸ்ஸில் வந்து முன்னறையில் உட்கார்ந்து கைமெஷினில் அட்டை குத்துவார். பதினைந்து வருடமாக அந்த வீட்டில்தான் வேலை.

மெஷின் நான் அசெம்பிள் செய்து கொடுத்தது. அதில் எக்ஸ்பிதான். மாற்ற வழியில்லை. டிசைன் மென்பொருளைச் செய்தவர்கள் எப்போதோ கடையைக் கட்டிவிட்டார்கள். அது ஓட வேண்டுமானால் பிரிண்டர் போர்ட்டில் பூட்டு மாதிரி ஒரு சின்ன டாங்கிள் மாட்டியிருக்க வேண்டும். புது மதர்போர்டில் அந்தப் போர்ட்டே கிடையாது. ஆகவே அந்தக் கிழட்டு மெஷினை உள்ளங்கையில் வைத்துத் தாங்கினோம். இன்டர்நெட் கொடுக்கவில்லை. ராத்திரி மின்சாரம் எகிறி போர்டு போய்விட்டால் மாற்று கிடைக்காது என்பதால், வேலை முடிந்ததும் சுவிட்சைச் சுவரிலேயே அணைத்துவிடுங்கள் என்று நான்தான் அந்த அம்மாவிடம் சொல்லியிருந்தேன். ஒருநாள் தவறாமல் அணைத்தார்.

ஓய்வுபெற நினைத்துக்கொண்டிருந்த வருடம் ஒரு வியாழக்கிழமை கூப்பிட்டார். மெஷின் முதல்நாளே செத்துவிட்டது. போய்ப் பார்த்தேன். மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கிற எஸ்எம்பிஎஸ் பெட்டி கருகிய வாசனை அடித்தது. டிஸ்கு தப்பித்திருக்கும் என்றேன். அந்த அம்மா கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

“அண்ணே, மெஷின் கெடக்குது. எனக்கு வேற ஒண்ணு தெரியணும். நான் இல்லாதப்ப இதை யாராச்சும் தொறந்தாங்களா?”

விஷயம் இதுதான். அவர் புதிதாக ஒரு சக்கர பார்டர் வரைந்திருந்தார். தேர்ச் சக்கரம் வரிசையாக ஓடும். இன்னும் தறிக்கே போகவில்லை. ஆனால் விளக்குத்தூண் பக்கம் ஒரு கடையில் அதே பார்டரில் சேலை தொங்குகிறது என்று சொந்தக்காரர் ஒருவர் போனில் சொல்லியிருக்கிறார். அந்த வருடத் தீபாவளி ஆர்டரே அந்தச் சக்கரத்தை நம்பித்தான் இருந்தது.

“கடைசியா அத எப்ப தொட்டீங்க?” என்றேன்.

“போன வியாழன் முடிச்சேன். அப்புறம் தொடல.”

மேடம் மாதிரி ஒரு சொல்லை மாற்றி மறுபடி கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. வாடிக்கையாளர் சொல்வதை நான் எப்போதுமே பாதிதான் காதில் வாங்குவேன். மனிதர்களைக் கேட்பதைவிட டிஸ்கைக் கேட்பது மேல் என்பது என் கட்சி. டிஸ்கைக் கழற்றி, கோடு போட்டு, வீட்டுக்குக் கொண்டுவந்து, என் மெஷினில் மாட்டி, நகல் எடுத்து, வரிசையாகத் தேதியைப் பார்த்தேன். சக்கர பார்டர் கோப்பு கடைசியாகச் சேமிக்கப்பட்டது வியாழன் அல்ல. சனிக்கிழமை காலை ஒன்பது நாற்பது. எனக்கு அப்போது ஒரு சந்தோஷம் வந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், திருடனைப் பிடித்த போலீஸ்காரனின் சந்தோஷம்.

மறுநாள் போய்ச் சீட்டைக் கொடுத்தேன். “இந்தக் கோப்பு சனிக்கிழமை காலை 9.40க்குத் திறந்து சேமிக்கப்பட்டுள்ளது.” யார் பெயரும் எழுதவில்லை. எழுதத் தேவையும் இருக்கவில்லை. சனிக்கிழமை காலையில் அந்த வீட்டில் எல்லாரும் பெருமாள் கோயிலுக்குப் போவார்கள். எட்டரைக்குப் போனால் பதினொன்றுக்குத்தான் வருவார்கள். அந்த நேரத்தில் வீட்டில் இருப்பவர் தினகரன் ஒருவர்தான். சாவியும் அவரிடம்தான் இருக்கும்.

தினகரனைக் கூப்பிட்டார்கள். சீட்டை வாங்கி ஒன்றுக்கு இரண்டு முறை படித்தார். “அக்கா, நான் அந்த மெசினத் தொட்டதே இல்லக்கா. எனக்கு அதப் போடக்கூடத் தெரியாது” என்றார்.

“பதினஞ்சு வருசம் பக்கத்துல உக்காந்திருக்க, தெரியாதா?” என்றார் அந்த அம்மாவின் கணவர்.

பிறகு கணவனும் மனைவியும் தங்கள் வீட்டு மொழியான சௌராஷ்டிரத்தில் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. தினகரனையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் முகம் கொஞ்சம் கொஞ்சமாகக் கறுத்தது. அவர்கள் நிறுத்தியதும் சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து மேஜையில் வைத்தார். அவர்கள் மொழியிலேயே ஏதோ ஒரு வாக்கியம் சொன்னார். சோற்றுத் தூக்கை எடுத்துக்கொண்டு படியிறங்கிவிட்டார்.

அந்த அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டார். “என்ன சொன்னாரு?” என்று கேட்டேன்.

“இத்தன வருசமா நீங்க பேசுனது பூராம் எனக்குப் புரியும்க்கா, அதுல ஒண்ணக்கூட நான் வெளிய சொன்னதில்லன்னு சொல்றான்.”

கேட்டபோது எனக்கு உறைக்கவில்லை. ‘இவ்வளவு காலம் புரியாதவன் மாதிரி இருந்திருக்கிறானே, கைகாரன்’ என்றுதான் நினைத்தேன். சந்தேகக் கண்ணாடி போட்டால் நல்லதும் அழுக்காகத்தான் தெரியும்.

பழைய எஸ்எம்பிஎஸ் ஒன்றைத் தேடிப் பிடித்து மாட்டப் போனது அடுத்த செவ்வாய்க்கிழமை. டிஸ்கைத் திருப்பி மாட்டினேன். மெஷினுக்கு உயிர் வந்தது. போட்டவுடன் டிசைன் மென்பொருள் தானாகத் திறந்து திரை முழுவதையும் அடைத்துக்கொள்ளும். அந்த அம்மாவுக்கு அதுதான் வசதி என்று நானே அப்படிச் செய்து கொடுத்திருந்தேன். பிரிண்டர் சரியாக இருக்கிறதா பார்க்க அதைச் சுருக்கினேன். கீழே மூலையில் கடிகாரம் தெரிந்தது. அதில் போன வாரத்து வெள்ளிக்கிழமை ஓடிக்கொண்டிருந்தது.

என் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். சுவரில் தொங்கிய நாட்காட்டியைப் பார்த்தேன். மின்சாரம் இல்லாதபோது கடிகாரத்தை ஓட்டுவதற்கு மதர்போர்டில் காசு அளவு பேட்டரி ஒன்று உண்டு. கழற்றி மீட்டரில் வைத்தேன். மூன்று வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டைத் தொட்டுக்கொண்டு நின்றது. முழுதாகச் செத்திருந்தால் மெஷின் போடும்போதே கத்தியிருக்கும். இது அரை உயிர். சுவிட்ச் போட்டிருக்கும்வரை கடிகாரம் சரியாக ஓடும். ராத்திரி சுவரில் அணைத்ததும் நொண்டும். நான் அணைக்கச் சொன்ன சுவிட்சு. ஒவ்வொரு ராத்திரியும் இரண்டு மணி, மூன்று மணி என்று பின்வாங்கி, மெஷின் செத்துக்கிடந்த ஆறு நாளில் இன்னும் பின்னே போயிருக்கிறது. இன்டர்நெட் இருந்திருந்தால் தானே திருத்திக்கொண்டிருக்கும். திரையை மென்பொருள் மூடாமல் இருந்திருந்தால் யார் கண்ணிலாவது பட்டிருக்கும். நானாவது அந்த மெஷினை ஓடவிட்டுப் பார்த்திருந்தால் கண்டிருப்பேன். அதற்குத்தான் பிரேமலதா மேடத்தின் முறை இடம் தரவில்லையே. சரியான நேரம் காட்டுகிற என் மெஷினில் மாட்டி, தப்பான நேரத்தைப் படித்து, தீர்ப்பு எழுதியிருக்கிறேன்.

அந்த அம்மா பிரிண்ட் எடுக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு நோட்டில் நாளும் நேரமும் கையால் குறித்துவைப்பார். அந்த நோட்டு மெஷினுக்குப் பக்கத்திலேயே கிடந்தது. நான் அதுவரை தொட்டதில்லை. ‘திங்கள், பகல் 12, சக்கரம், அட்டைக்கு’ என்று இருந்தது. ஒரு பழைய டிசைனைத் திறந்து சும்மா பிரிண்ட் கொடுத்துப் பார்த்தேன். பிரிண்ட் எடுத்தாலே மென்பொருள் கோப்பைச் சேமித்துவிடுகிறது, தேதி மாறுகிறது. திங்கள் பகல் பன்னிரண்டு மணிக்கு அந்த அம்மா தன் கையால் செய்ததை, இரண்டு நாளுக்குமேல் பின்தங்கிய கடிகாரம் சனிக்கிழமை ஒன்பது நாற்பது என்று முத்திரை குத்தியிருக்கிறது. பிரிண்ட் எடுப்பதை அவர் ‘தொடுவது’ என்று நினைக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

அறையில் நான் மட்டும்தான் இருந்தேன். புது பேட்டரி என் பையில் இருந்தது. போட்டு, நேரத்தைச் சரிசெய்து, ‘எல்லாம் ரெடிம்மா’ என்று சொல்லிவிட்டு வந்திருந்தால் இந்த உலகத்தில் யாருக்கும் தெரிந்திருக்காது. அந்த எண்ணம் வந்தது. பேட்டரியைப் பையிலிருந்து எடுக்கவும் செய்தேன். ஊரையே சந்தேகப்படுகிற எனக்கு அந்த ஒரு நிமிடம் என் மேலேயே பயம் வந்துவிட்டது. எழுந்து போய் அந்த அம்மாவைக் கூப்பிட்டேன்.

எல்லாவற்றையும் காட்டினேன். மீட்டர், நோட்டு, கடிகாரம். பொறுமையாகக் கேட்டார். கேட்டுவிட்டு, “சரிண்ணே, கடியாரம் தப்பு. அதுக்காக அவன் எடுக்கலன்னு ஆயிருமா?” என்றார்.

நான் விதைத்ததுதானே. “அந்தக் கடைச் சேலையப் பாத்தீங்களாம்மா?” என்று கேட்டேன். கணவர் அதை வாங்கிவந்து மூன்று நாளாகிறதாம். வயிற்றெரிச்சலில் கவரைக்கூடப் பிரிக்கவில்லையாம். பிரிக்கச் சொன்னேன். திரையில் ஒரு சக்கரத்தையும் சேலையில் ஒரு சக்கரத்தையும் வைத்து ஆரக்காலை எண்ணினோம். அவருடையதில் பதினாறு. அதில் பன்னிரண்டு. நடுவில் இருக்கிற பூவும் வேறு. எந்தக் கோயில் தேரைப் பார்த்தாலும் எவரும் வரையக்கூடிய சக்கரம். சனிக்கிழமை திருடியதை ஐந்து நாளில் அட்டை குத்தி, நெய்து, கடையில் தொங்கவிட முடியுமா என்றும் எவரும் யோசிக்கவில்லை. போனில் சொன்னவர் எண்ணவில்லை, கேட்டவர்கள் எண்ணவில்லை, சீட்டு எழுதிய மகராசன் நானும் எண்ணவில்லை.

அந்த அம்மா சேலையை மடியில் போட்டுக்கொண்டு அழுதார். “எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு நான் அங்க போவேன்? நீங்க போயிக் கூட்டிட்டு வாங்கண்ணே” என்றார்.

மறுநாள் காலை ஒத்தக்கடையிலிருந்து பஸ் பிடித்தேன். தினகரன் வீட்டு வாசலில் பைக் செயினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொண்டு, “வாங்கண்ணே” என்றார். நாற்காலி போட்டார். ‘மெசின் பாக்குற அண்ணன் வந்திருக்காரு’ என்று உள்ளே குரல் கொடுத்தார். அவர் மனைவி காப்பியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் போய்விட்டார். நான்கு நாளில் தினகரன் இரண்டு இடத்தில் வேலை கேட்டிருக்கிறார். இரண்டு இடத்திலும் சிரித்துக்கொண்டே இல்லை என்று சொல்லியிருக்கிறார்கள். பந்தடியில் நடந்தது அதற்குள் பக்கத்து முனிச்சாலைவரை போய்விட்டிருந்தது.

பேட்டரியைச் சொன்னேன், நோட்டைச் சொன்னேன், ஆரக்காலைச் சொன்னேன். என் தப்பு, மன்னிச்சுக்கங்க தம்பி என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தார். அக்கா கூப்பிடுறாங்க என்றதற்குத் தலையை மட்டும் ஆட்டினார். வருகிறேன் என்று பொருளில்லை.

“அண்ணே, அன்னைக்கு எழுதிக் குடுத்தீங்கள்ல. அதே மாதிரி இதையும் எழுதிக் குடுங்க” என்றார்.

சந்தோஷமாகப் பையிலிருந்து தாளை எடுத்தேன். மெஷினின் கடிகாரம் பழுது, கோப்பில் உள்ள நேரம் தவறு, என் முந்தைய சீட்டு செல்லாது என்று விவரமாக எழுதிக் கையெழுத்துப் போட்டேன். வாங்கிப் படித்தார்.

“எம் பேரே இல்லியேண்ணே.”

“முந்தின சீட்டுலயும் இல்லியே தம்பி.”

“அதுல பேரு இல்லாமலே எல்லாருக்கும் தெரிஞ்சு போச்சு. இதுல போடுங்க. தினகரன் எடுக்கலன்னு போடுங்க.”

பேனாவைத் தாளில் வைத்தேன். ‘தினகரன்’ என்று எழுதினேன். அதற்குமேல் கை நகரவில்லை. பார்த்ததை மட்டும் எழுது என்று பழகிய கை. கடிகாரம் தப்பு என்பதைப் பார்த்தேன். சக்கரம் வேறு என்பதைப் பார்த்தேன். பதினைந்து வருடத்தில் இவர் ஒருநாளும் ஒரு டிசைனும் எடுத்ததில்லை என்பதை நான் எங்கே பார்த்தேன்? மீட்டரில் தெரியுமா அது? இப்படி ஒரு மனுஷன் வாசலில் உட்கார்ந்து, அவர் கொடுத்த காப்பியைக் குடித்துக்கொண்டு நான் யோசித்தேன். பிறகு ‘எடுக்கவில்லை’ என்று எழுதி முடித்தேன். கொஞ்சம் அழுத்தியே எழுதினேன்.

அவர் தாளை வாங்கி நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்தார்.

“நாலு பேருக்குக் காட்டுறதுக்கு இது போதும்ணே” என்றார். “ஆனா எழுதுறதுக்கு முன்னாடி யோசிச்சீங்கள்ல. அதப் பாத்துட்டேன்.”

இல்லை தம்பி என்று சொல்ல வாயைத் திறந்தேன். அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு பொய் சொல்ல எனக்கு வரவில்லை.